கன்வெர்ஷன் தெரபி விட்டு மூணு வருஷம் ஆச்சு, இன்னும் கண்ணாடி முன்னாடி நிக்க முடியல

கிணத்துமேடு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

எனக்கு 25 வயசு. நாமக்கல் பக்கம் ஊரு, இப்ப கோயமுத்தூர்ல வேலை, தனியா ரூம் எடுத்து இருக்கேன். நான் கே, ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும். வீட்டுல 2021 கடைசில தெரிஞ்சுது, போன்ல இருந்த மெசேஜை அண்ணன் பாத்துட்டான். அடி உதை எல்லாம் இல்லீங்க, அப்பா ஒரு வாரம் பேசல, அம்மா அழுதுட்டே இருந்துச்சு, அப்புறம் மாமா ஒருத்தர் எங்கெங்கயோ விசாரிச்சு, கன்வெர்ஷன் தெரபின்னு ஈர்ப்பை மாத்திக் காட்டறேன்னு சொல்ற ஒரு கவுன்சிலர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அவரு டாக்டர் இல்ல, ஆனா போர்டுல பேருக்குப் பின்னாடி நெறைய எழுத்து இருந்துச்சு. எட்டு மாசம் போனேன், ஒரு சிட்டிங்குக்கு 1500 ரூபா.

சாமி, பேய்னு எல்லாம் அவர் பேசல, அதனாலதான் நானும் நம்பிட்டேன். "உனக்கு ஆம்பளைங்க மேல ஆசையே இல்லப்பா, அவங்களுக்கு இருக்கற உடம்பு உனக்கு இல்லையேங்கற ஏக்கம், அந்த ஏக்கம்தான் உனக்கு ஆசையா தெரியுது, உடம்பு சரியாச்சுன்னா ஏக்கம் போயிடும்"னு சொன்னாரு. நான் அப்ப 52 கிலோ, விலா எலும்பை எண்ணிடலாம். பள்ளிக்கூடத்துல என்னை என்ன நம்பர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். அதனால அவர் சொன்னதும் எனக்கு டக்குனு ஒட்டிக்கிச்சு, ஓ இதான் காரணமான்னு.

வீட்டுப்பாடம் குடுப்பாரு. காலைல பத்து நிமிஷம் ராத்திரி பத்து நிமிஷம் ஜட்டியோட கண்ணாடி முன்னாடி நின்னு எந்தெந்த இடம் ஆம்பளை மாதிரி இல்லன்னு பாத்து நோட்டுல எழுதணும். டெய்லர் வெச்சிருக்கற இன்ச் டேப் ஒண்ணு வாங்கி நெஞ்சு, கை, தோள் அளந்து தேதி போட்டு எழுதணும். நடக்கறப்ப கை எவ்ளோ வீசறேன், கால் மேல கால் போட்டு உக்காரறனா, சிரிக்கறப்ப வாயைப் பொத்தறனா, இதுக்கெல்லாம் அண்ணன் மார்க் போடுவான், அந்த நோட்டை சிட்டிங்குக்கு எடுத்துட்டுப் போகணும். மூணு நோட்டு முடிஞ்சுது. கடைசில மீசை தாடி அடர்த்தியா வர்றதுக்கு ஒரு ஊசி போட்டுப் பாக்கலாம்னாரு, அன்னைக்கு அம்மாதான் எந்திரிச்சு "போதும் வாடா"ன்னு கையைப் புடிச்சு வெளிய கூட்டிட்டு வந்துச்சு. அதோட போறதில்ல.

இப்ப என் பிரச்சினை என்னன்னா, ஈர்ப்பு ஒரு நூல்கூட மாறல, ஆனா அந்த நோட்டு மட்டும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. இப்ப 79 கிலோ, தினமும் ஜிம், ஒரு நாள் போகலன்னா கை சின்னதாயிடுச்சுன்னு தோணுது. டேப் இன்னும் அலமாரில இருக்கு, இன்னும் அளக்கறேன். பாத்ரூம் கண்ணாடில பேப்பர் ஒட்டி வெச்சிருக்கேன். சலூன்ல கண்ணை மூடிக்குவேன், முடி வெட்டறவரு தூங்கிட்டீங்களான்னு கேப்பாரு. ஒருத்தரை எனக்குப் பிடிச்சிருக்கு, அவருக்கும் என்னைப் பிடிச்சிருக்கு, ஆனா அவர் முன்னாடி சட்டையைக் கழட்டணும்னு நெனச்சாலே கை நடுங்குது, போன வாரம் அவர் போட்டோ எடுக்க வந்தப்ப கோவமா கத்திட்டேன்.

ராத்திரில ஒரே கேள்விதான். ஒருவேளை அந்த ஆள் சொன்னது நெஜமா இருக்குமோ? எனக்கு என் உடம்பு பிடிக்காததாலதான் நான் இப்படியோ? இதே மாதிரி தெரபிக்குப் போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, இது சரியாகுமா?

டம்பெல்_தம்பி:

ப்ரோ தப்பா எடுத்துக்காத, அந்த ஆள் பண்ணது மோசம்தான், ஆனா 52ல இருந்து 79 போறது சாதாரண விஷயமா? நான் நாலு வருஷமா ட்ரை பண்றேன் 70 தாண்டல. எந்த வழில வந்தா என்ன, ஜிம்முக்குப் போறது உனக்கு நல்லதுதான பண்ணியிருக்கு, அதை ஏன் பிரச்சினையா பாக்கற, கன்டினியூ பண்ணு, கான்ஃபிடன்ஸ் தானா வரும்.

வேப்பமரத்தடி:

டம்பெல் தம்பி, நீ நல்ல மனசோடதான் சொல்ற, தெரியுது. ஆனா அவர் 27 கிலோ ஏத்தினதுக்கு அப்புறமும் கண்ணாடில பேப்பர் ஒட்டி வெச்சிருக்காரு, கான்ஃபிடன்ஸ் வர்றதா இருந்தா இந்நேரம் வந்திருக்கணும்ல.

கிணத்துமேடு, உன் கேள்விக்கு வரேன். எனக்கு 43 வயசு, சென்னை. நான் கே, இந்த விஷயத்தை ரொம்ப வருஷமா படிச்சிட்டு வரேன். உன் கவுன்சிலர் சொன்ன தியரி அவரா கண்டுபுடிச்சது இல்லப்பா. அமெரிக்கால கலிஃபோர்னியால ஜோசப் நிக்கோலோசின்னு ஒரு சைக்காலஜிஸ்ட், 1992ல வேற ரெண்டு பேரோட சேந்து இதுக்குன்னே ஒரு சங்கம் ஆரம்பிச்சவரு, ரிப்பேரட்டிவ் தெரபின்னு பேர் வெச்சு இதைப் பரப்பினாரு. அப்பாவோட ஒட்டாம, மத்த பசங்களோட விளையாடாம வளந்த பையன் ஆம்பளைத்தனம் தன்கிட்ட இல்லன்னு நெனச்சு அதை இன்னொருத்தன் உடம்புல தேடறான், அதான் ஈர்ப்புன்னு. அங்கேர்ந்து கைமாறி கைமாறி உன் ஊர் பக்கம் வரைக்கும் வந்திருக்கு.

நீ அந்தக் கண்ணாடி வீட்டுப்பாடத்தை எழுதினதைப் படிச்சதும் எனக்கு அப்படியே ஒரு கேஸ் ஞாபகம் வந்துச்சு. நியூஜெர்சில ஜோனான்னு ஒரு யூத அமைப்பு, இதே தெரபி. அங்க போன பசங்க சொன்னது என்னன்னா, ஆளுயரக் கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சு ஒவ்வொரு துணியா கழட்டச் சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் தன் உடம்பைப் பத்தியோ தன்னைப் பத்தியோ ஒரு குறை சொல்லச் சொன்னாங்கன்னு. 2012 நவம்பர்ல நாலு இளைஞர்களும் ரெண்டு அம்மாக்களும் கேஸ் போட்டாங்க. ஆமா, அம்மாக்களும். மதத்தை வெச்சோ மனித உரிமையை வெச்சோ போடல, பொருளை ஏமாத்தி வித்தா கடைக்காரன் மேல போடற நுகர்வோர் மோசடி கேஸ். குணமாக்கறோம்னு காசு வாங்கினீங்க, குணமாக்கறதுக்கு அங்க நோயே இல்லன்னு. 2015 பிப்ரவரில ஜட்ஜே சொல்லிட்டாரு, தன்பாலீர்ப்பை நோய்னு சொல்லி விக்கறது பொய் சொல்லி விக்கறதுதான், அது பூமி தட்டைன்னு சொல்ற மாதிரி காலாவதியான பேச்சுன்னு. ஜூன்ல ஜூரி ஏகமனதா மோசடின்னு தீர்ப்பு குடுத்தாங்க, 72,400 டாலர் நஷ்டஈடு, அந்த வருஷக் கடைசில கடையை மூடச் சொல்லி உத்தரவு.

அண்ணன் மார்க் போட்டான்னியே, அதுவும் பழசுதான். 1970 வாக்குல லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல ஜார்ஜ் ரெக்கர்ஸ்னு ஒருத்தரு அஞ்சு வயசுப் பையன் ஒருத்தனுக்கு வைத்தியம் பண்ணாரு. வீட்டுல ஆம்பளை மாதிரி நடந்தா நீல வில்லை, பொம்பளை மாதிரி நடந்தா சிவப்பு வில்லை, சிவப்பு சேந்தா அப்பா அடிப்பாரு. 1974ல வெற்றின்னு கட்டுரையே போட்டாங்க. அந்தப் பையன் வளந்தும் கே-யாதான் இருந்தாரு, அந்த வைத்தியம் அவரைக் கடைசிவரைக்கும் விடலன்னு அவர் அம்மாவும் கூடப்பொறந்தவங்களும் 2011ல டிவில வந்து சொன்னாங்க. அவர் அண்ணன் அப்ப சின்னப் பையன், தம்பி அடி வாங்கக்கூடாதுன்னு சிவப்பு வில்லைல கொஞ்சத்தை எடுத்துத் தன் பக்கம் வெச்சுக்குவாராம். இதை எத்தனை தடவை படிச்சாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இப்ப ராத்திரிக் கேள்விக்கு நேரா பதில். இல்லப்பா, அவர் சொன்னது நெஜம் இல்ல. ஒல்லியா இருந்து, உடம்பை நெனச்சுக் கூச்சப்பட்டு வளந்த பையனுங்க ஊர் முழுக்க இருக்காங்க, பெரும்பாலானவங்களுக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்குது. கட்டுமஸ்தான உடம்போட சின்ன வயசுல இருந்தே கபடி ஆடிட்டு இருக்கற கே ஆளுங்களை எனக்கே தெரியும். உடம்புதான் காரணம்னா இவங்களை எல்லாம் எந்தக் கணக்குல வைக்கறது? உனக்கு நடந்தது வரிசை வேற. நீ மத்த பசங்க மாதிரி இல்லன்னு முதல்ல அவனுங்க கண்டுக்கிட்டானுங்க, கேலி பண்ணானுங்க, அந்தக் கேலில உனக்கு உன் உடம்பு பிடிக்காம போச்சு. கவுன்சிலர் அந்த வாலைப் புடிச்சு இதான் தலைன்னு காட்டிட்டாரு, எட்டு மாசம் தினமும் ரெண்டு வேளை அதுக்குத் தண்ணி வேற ஊத்த வெச்சாரு.

தாழம்பூ:

தம்பி, படிச்சதுல இருந்து மனசே சரியில்ல. பொம்பளைப் பிள்ளைகளுக்கும் இது நடக்கு, ஆனா அதை யாரும் தெரபின்னு பேர் வெச்சுச் சொல்லமாட்டாங்க, பொண்ணா லட்சணமா வளக்குறோம்னு சொல்லிருவாங்க.

நான் தூத்துக்குடிப் பக்கம். எனக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்கும்னு 2016ல வீட்டுக்குத் தெரிஞ்சப்ப எனக்கு 23. கிராப்பு வெட்டி பேண்ட் சட்டை போட்டுட்டு இருந்தேன். முதல்ல ஹார்மோன் டெஸ்ட்டு, அதுல ஒண்ணும் இல்லன்னதும் ஒரு அம்மாகிட்ட கூட்டிட்டுப் போனாங்க, அவங்களும் கவுன்சிலிங்னுதான் சொல்லிக்கிட்டாங்க, எங்க வீட்டுல ஒரு பட்டியல் போட்டுக் குடுத்தாங்க. முடி வளக்கணும். வளர்ற வரைக்கும் சவுரி வெச்சு ஹேர்ப்பின் குத்திப் பூ வைக்கணும். என் முடி ரெண்டு இஞ்சுதான் இருந்துச்சு, அதுல சவுரி நிக்கணும்னா பின்னை மண்டைத்தோல்ல உரசித்தான் குத்தணும், ராத்திரி கழட்டறப்ப எரியும். கால்ல கொலுசு, மாடிப்படி இறங்கற சத்தத்தை வெச்சே அம்மா சொல்லுவாங்க, மெதுவா, பையன் மாதிரி தடதடன்னு வராதன்னு. அப்புறம் பிள்ளை பெத்துக்கற உடம்பு இல்லன்னு தினமும் உளுந்தங்களி. எங்க ஆச்சி நல்லெண்ணெய் ஊத்தி உருட்டிக் குடுக்கற உளுந்தங்களின்னா எனக்கு உசுரு, இன்னைக்கு வரைக்கும் வாயில வைக்க முடியல. அந்தக் கோவம் எனக்கு எல்லாத்தையும் விடப் பெருசா இருக்கு.

வீட்டை விட்டு வந்து சென்னைல வேலைக்குச் சேந்த ரெண்டாவது மாசம் முடியை வெட்டினேன். ஆனா வெட்டினதும் எல்லாம் சரியாயிடல தம்பி, அதைச் சொல்லணும். கொலுசு இல்லாமலே ரெண்டு வருஷம் மெதுவாத்தான் படி இறங்கினேன், காதுக்குள்ள கேட்டுட்டே இருக்கும். என்கூட இருக்கறவ ஒரு தடவை கேட்டா, யார் தூங்கறாங்கன்னு இப்படிப் பூனை மாதிரி நடக்கேன்னு, அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. அதுக்கு ஆறு மாசம் ஒரு நல்ல சைக்காலஜிஸ்ட்கிட்ட போனேன். மொத நாளே அந்த அம்மா, உன் உடம்பு உனக்குப் பிடிச்சே ஆகணும்னு நான் சொல்லமாட்டேன், அதைப் பரிட்சைக்கு விடறதை முதல்ல நிறுத்துவோம்னாங்க. எனக்கு அது பெரிய ஆறுதலா இருந்துச்சு. சில நாள் இப்பவும் பிடிக்காது. ஆனா கணக்கு எழுதறது இல்ல.

உன் அம்மா எந்திரிச்சு வந்துச்சுன்னு எழுதினியே, அதை நான் நாலு தடவை படிச்சேன்.

ராத்திரி_டூட்டி:

நான் சைக்கியாட்ரி டாக்டர், அரசு ஆஸ்பத்திரில வேலை. இங்க எழுதறதை வெச்சு நோய் இதுதான்னு சொல்லமாட்டேன், ஆனா சில விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும்.

அமெரிக்க சைக்கியாட்ரிக் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியல்ல இருந்து 1973ல எடுத்துட்டாங்க, உலக சுகாதார நிறுவனம் 1990ல. நம்ம இந்திய சைக்கியாட்ரிக் சொசைட்டி 2018ல இது நோய் இல்லன்னு வெளிப்படையா அறிவிச்சாங்க, அதே வருஷம் செப்டம்பர் 6 சுப்ரீம் கோர்ட் 377 தீர்ப்பு, தன்பாலீர்ப்பு உறவு குற்றம் இல்லன்னு. அப்புறம் 2021 ஜூன் 7, நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டுல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வீட்டை விட்டு வந்த ரெண்டு பொண்ணுங்க பாதுகாப்பு கேட்ட கேஸ்ல, வைத்தியம் பண்ணி ஈர்ப்பை மாத்தற எந்த முயற்சியும் கூடாதுன்னு தடை போட்டாரு. அந்தத் தீர்ப்புக்கு முன்னாடி, எனக்கு இதைப் பத்திச் சரியா தெரியாதுன்னு ஒத்துக்கிட்டு ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட தானே போய் உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரு. எனக்கு அவர் மேல பெரிய மரியாதை வந்ததே அதனாலதான். 2022 ஆகஸ்ட்ல தேசிய மருத்துவ ஆணையம் இது டாக்டருக்குத் தொழில்முறைத் தவறுன்னு சொல்லிட்டாங்க. கிணத்துமேடு, நீங்க முதல் சிட்டிங் போறதுக்கு முன்னாடியே இந்த மாநிலத்துல அது தடை செஞ்ச காரியம். அவர் டாக்டர் இல்லங்கறதால மெடிக்கல் கவுன்சில்ல புகார் குடுக்க முடியாது, ஆனா ஹைகோர்ட் உத்தரவை வெச்சு ஒரு வக்கீல்கிட்ட பேசலாம். இப்பவே பண்ணணும்னு இல்ல, உங்களுக்குத் தெம்பு வந்தப்புறம் யோசிங்க.

உடம்பு விஷயம். அளந்துட்டே இருக்கறது, கண்ணாடியைப் பாக்காம தவிர்க்கறது, ஒரு நாள் ஜிம் போகலன்னா சுருங்கிட்டோம்னு தோணறது, எவ்ளோ பெருசானாலும் சின்னதாவே தெரியறது, இதெல்லாம் சேந்து வர்றதுக்கு மசில் டிஸ்மார்ஃபியான்னு ஒரு பேர் உண்டு. உங்களுக்கு அதுதானா இல்லையான்னு நேர்ல பாத்துத்தான் சொல்லணும், ஆனா வைத்தியம் இருக்கற விஷயம் இது. சிபிடின்னு சொல்ற பேச்சு சிகிச்சை, தேவைப்பட்டா மாத்திரை. அதுலயும் கண்ணாடிப் பயிற்சி வரும், அதை இப்பவே சொல்லிடறேன், இல்லன்னா பயந்துடுவீங்க. ஆனா இது அந்த ஆள் குடுத்ததுக்கு நேர் எதிர். உடுப்பு போட்டுக்கிட்டு, நீங்க ஒத்துக்கற தூரத்துல நின்னு, தலைல இருந்து கால் வரைக்கும் நல்லது கெட்டது சொல்லாம வெறுமனே விவரிக்கறது. முடி கருப்பு, லேசா சுருட்டை, இடது புருவத்துல ஒரு தழும்பு, அவ்வளவுதான். முடியாதுன்னா அன்னைக்கு விட்டுடலாம், உங்க கைலதான் இருக்கும்.

ஆராய்ச்சிகள்லயும் கே ஆண்கள்கிட்ட உடம்பு பத்தின அதிருப்தி சராசரியா கொஞ்சம் கூடுதலாத்தான் தெரியுது. கன்வெர்ஷன் தெரபி பண்றவங்க இதைத்தான் புடிச்சுக்கிட்டு பாத்தீங்களா உடம்புதான் காரணம்னு பேசறாங்க. ஆனா ஒதுக்கி வெச்சு, கேலி பண்ணி, ஒளிஞ்சு வாழ வெச்சா அந்த அழுத்தம் மனசுல ஒரு எடத்துல வந்து உக்காரும், அது நெறைய பேருக்கு உடம்பு மேல உக்காருது. இதை மைனாரிட்டி ஸ்ட்ரெஸ்னு சொல்லுவாங்க, 2003ல இலான் மேயர்னு ஒரு ஆராய்ச்சியாளர் தெளிவா எழுதினாரு.

ஒரு எச்சரிக்கை. ஜிம்ல யாராவது ஸ்டீராய்டு ஊசி, மாத்திரைன்னு ஆரம்பிச்சா தொடாதீங்க, இந்த மனநிலைல இருக்கறவங்கதான் அதுல சீக்கிரம் மாட்டறாங்க. டாக்டரைத் தேடறப்ப முதல் போன்லயே கேட்டுடுங்க, தன்பாலீர்ப்பை மாத்த முடியும்னு நீங்க நினைக்கறீங்களான்னு. தயங்கி இழுத்தாங்கன்னா வேற ஆளைப் பாருங்க. ராத்திரி ரொம்ப முடியலன்னா டெலி மானஸ்னு மனநல உதவி போன் 14416, அரசு நடத்தறது, காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பாங்க.

புதுப்பேரு:

நான் திருநம்பி, பொண்ணுன்னு வளத்தாங்க, ஆனா நான் ஆண். கொஞ்சம் தலைப்பை விட்டு விலகற மாதிரி இருக்கும், ஆனா இதைப் படிக்கற வேற யாருக்காவது உதவும்னு எழுதறேன்.

என்கிட்ட அவங்க கண்ணாடியை வேற மாதிரி பயன்படுத்தினாங்க. "உன் உடம்பு அழகான உடம்பு, அதை நேசிச்சாலே பையன்னு தோணறது போயிடும், தினமும் கண்ணாடில பாத்து நான் அழகான பொண்ணுன்னு சொல்லு." வெளில இருந்து பாத்தா இது எவ்ளோ நல்ல பேச்சு, இல்லையா? என் அக்காவே அதைக் கேட்டுட்டு இவங்க நல்லவங்கன்னுதான் சொன்னா. உங்களுக்கு உடம்பை வெறுக்கச் சொல்லி மாத்தப் பாத்தாங்க, எனக்கு உடம்பை நேசிக்கச் சொல்லி மாத்தப் பாத்தாங்க. எனக்கு மார்பு இருந்ததுல இருந்த சங்கடம் வெக்கத்தால வந்தது இல்ல, நான் அழகா இல்லன்னு நெனச்சதாலயும் இல்ல, அது என்னோடதே இல்லங்கற உணர்வு. 2014 நால்சா தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் தன் பாலினம் எதுன்னு சொல்றது அவங்கவங்க உரிமைன்னு சொன்னதை நான் பிரிண்ட் எடுத்து அக்காகிட்ட குடுத்தேன், அவளுக்குப் புரிய ஒரு வருஷம் ஆச்சு. மெட்ராஸ் ஹைகோர்ட் உத்தரவு திருநர்களுக்கும் சேத்துத்தான்.

அதனால கிணத்துமேடு நண்பா, யாராவது இனிமே உடம்பை நேசின்னு இனிப்பா பேசினாலும், எதுக்காகச் சொல்றாங்கன்னு கேட்டுக்கங்க.

டம்பெல்_தம்பி:

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். ப்ரோ சாரி, நான் கிலோவை மட்டும் பாத்தேன், பேப்பர் ஒட்டினதைப் படிச்சும் மண்டைல ஏறல. எங்க ஜிம்ல ஊசி போடறவங்க இருக்காங்க, டாக்டர் சொன்னது நெஜம், ஒரு பையன் முகமெல்லாம் கட்டி வந்து, ஆள் எப்பவும் எரிஞ்சு விழுந்துட்டே இருக்கான். நீ அந்தப் பக்கம் போயிடாத. ஒண்ணு கேக்கட்டா, சின்ன வயசுல ஏதாவது விளையாட்டு உனக்குப் பிடிச்சு பண்ணியிருக்கியா, யாரும் அளக்காம, மார்க் போடாம?

கிணத்துமேடு:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து ராத்திரி படிச்சு, வேலைக்குப் போயிட்டு வந்து திரும்பப் படிச்சேன். நான் முதல் சிட்டிங் போனதே தடைக்கு அப்புறம்தான்னு டாக்டர் சொன்னது இன்னும் நெஞ்சுல கனக்குது. வேப்பமரத்தடி அண்ணா, அந்த அம்மாக்கள் கேஸ் போட்டதை எங்கம்மாகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "அந்த நோட்டெல்லாம் இன்னும் இங்கதான்டா இருக்கு, தண்ணி காயவைக்கறப்ப அடுப்புல போட்டறட்டா"ன்னு கேட்டுச்சு. வக்கீல்கிட்ட பேசறதுன்னா வேணும்னு தோணுச்சு, இப்போதைக்கு எடுத்து வெய்ம்மான்னு சொல்லிட்டேன். சரியா தப்பா தெரியல.

தாழம்பூ அக்கா, நீங்க பூனை மாதிரி நடந்ததை எழுதினீங்கல்ல, நானும் இன்னும் கையை ஒட்டி வெச்சுத்தான் நடக்கறேன். இன்னைக்கு பஸ் ஸ்டாப்ல இருந்து ரூம் வரைக்கும் வேணும்னே கையை வீசிட்டு வந்தேன். யாரும் பாக்கல.

டம்பெல், நீச்சல். எங்க ஊர்ல எங்க பெரியப்பா தோட்டத்துக் கிணத்துல மோட்டார் ரூம் மேல இருந்து குதிப்போம், ஊர்லயே ரொம்ப நேரம் தம் புடிக்கறது நான்தான், ஒல்லியா இருந்ததால மீன் மாதிரி போறான்னு பெரியப்பா சொல்லுவாரு. தெரபிக்குப் போக ஆரம்பிச்சதுல இருந்து சட்டை கழட்டணுமேன்னு ஒரு தடவைகூட எறங்கல. நீ கேக்கற வரைக்கும் எனக்கு அது மறந்தே போச்சு.

டேப்பைத் தூக்கிப் போட இன்னும் மனசு வரல, கீழ் வீட்டுல ஒரு அக்கா தையல் மிஷின் வெச்சிருக்காங்க, அவங்ககிட்ட இப்போதைக்கு வெச்சுக்கங்கன்னு குடுத்துட்டு வந்திருக்கேன். ரெண்டு நாளாச்சு, கை பரபரங்குது.

டாக்டர், ஒரு சந்தேகம். அந்த 14416ல தமிழ்ல பேசலாமா? எனக்கு இதெல்லாம் இங்கிலீஷ்ல சொல்ல வராது.

ராத்திரி_டூட்டி:

தமிழ்லயே பேசலாம். எடுத்ததும் மொழி கேப்பாங்க, தமிழைச் சொல்லுங்க. உங்க பேரைச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. அந்த நோட்டை எரிக்காம வெச்சது நல்லது, எங்கயாவது ஒரு பைல போட்டு அம்மாகிட்டயே இருக்கட்டும், நீங்க எடுத்துப் படிக்க வேண்டாம்.